மேல்தளத்தில் இரண்டு இருக்கைகள்

கப்பலிலிருந்து,
ஞாயிறு, மதிய இடைவேளை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது, தூக்கம்தான் தவணை முறையில். உன் கடிதம் போன துறைமுகத்தில் கைக்கு வந்தது. அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு அவர்களை நான் வேலை பார்க்கும் கப்பலிலேயே ஏற்றி அனுப்பப் போகிறாய் என்று படித்ததும், அறையில் என்னோடு தங்கியிருக்கும் பெண்ணிடம் நான்கு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை அவள் தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று லென்ஸ் தேய்த்துச் சேர்த்ததை இப்படிச் செலவழிக்க உனக்கு மனசு வந்ததே, எனக்குப் பெருமையாக இருக்கிறது.

டிக்கெட்டோடு நீளமாக ஒரு பட்டியல் வந்திருக்கிறது, அந்த எக்ஸ்ட்ராவுக்கெல்லாம் பணம் கட்டினால் தகுமா என்று கேட்டிருக்கிறாய். நல்ல ஆளைப் பிடித்தாய் போ. ஆறு வருஷமாகக் கப்பலின் சுற்றுலா மேசையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை மற்றவர்கள் தலையில் கட்டுவதுதான் என் பிழைப்பு. உனக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன்.

பானங்களுக்கான பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். அப்பா ஒரு நாளைக்கு இரண்டு காப்பி குடிக்கிற மனுஷர். பணம் கட்டிவிட்டோமே என்று பத்துக் காப்பி குடித்து, ராத்திரியெல்லாம் நடமாடி, அம்மா உயிரை வாங்குவார். இன்டர்நெட் பேக்கேஜும் வேண்டாம். நடுக்கடலில் அது ஊர்ந்து ஊர்ந்து வரும். துறைமுகத்தில் இறங்கினால் எல்லாக் கடையிலும் சும்மா கிடைக்கும். போட்டோ விஷயத்தில் மட்டும் உஷார். ஏறும்போது, இறங்கும்போது, வாயில் கரண்டி இருக்கும்போது, எப்போதும் ஒருவன் கேமராவோடு நிற்பான். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டாதே. அம்மா நன்றாக விழுந்திருக்கும் ஒரே ஒரு படத்தை நான் வாங்கித் தருகிறேன். அதைத் தேர்ந்தெடுக்க அம்மாவுக்கே மூன்று நாள் ஆகும்.

பால்கனி அறைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கட்டு. அப்பாவின் குறட்டையிலிருந்து தப்பித்து அம்மா வெளியே உட்கார ஓர் இடம் வேண்டாமா? கடைசி நாள் தனிச் சாப்பாட்டு அறை ஒன்றும் எடுத்துவிடு. மேசைவிரிப்பு வெள்ளையாக இருக்கும், நின்று பரிமாறுவார்கள். அம்மா ஒருநாளாவது எழுந்து போகாமல் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

மூன்றாவது துறைமுகத்தில் கடல் குகைப் படகு என்று ஒன்று போட்டிருக்கும். நீல வெளிச்சம், அது இதென்று அழகான படமும் இருக்கும். அதை எடுக்காதே. வெயில் ஜாஸ்தி. படி நிறைய. வயசானவர்களுக்குச் சரிப்படாது. அன்றைக்கு அவர்கள் கப்பலிலேயே இருக்கட்டும், எல்லாரும் இறங்கிப் போய்விட்டால் நீச்சல்குளம் காலியாக இருக்கும். நான் சொன்னேன் என்று கம்பெனிக்காரர்களிடம் போனில் எதுவும் சொல்லிவிடாதே.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் லாண்டிரியில் வேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். லீவில் ஊருக்குப் போகிறாள். எங்கள் தபால் எங்கள் மேலாளர் மேசை வழியாகத்தான் போகும். எப்போதும் சிரித்தபடியே இருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிச்சமூஞ்சி. வேளாவேளைக்குச் சாப்பிடு. படகு வேண்டாம், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா


கப்பலிலிருந்து,
புதன், காலை

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வந்தது. படித்துவிட்டு, மேசை முன்னால் ஆட்கள் வரிசையில் நிற்பதையும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

என் கடிதம் எட்டு நாள் தாமதமாக வந்தது, அதற்குள் புக் பண்ணிவிட்டேன் என்கிறாய். உன்மேல் தப்பில்லை. மூன்று எக்ஸ்ட்ரா எடுத்தால் நான்காவது இலவசம் என்று கம்பெனி புதிதாக ஆரம்பித்திருப்பது இங்கே எங்களுக்கே போன வாரம்தான் தெரியும். இலவசம் என்ற வார்த்தையை அப்பா காதில் நீ போட்டிருக்க வேண்டாம். அவர் தானே பட்டியலைப் பிடுங்கிப் படகைக் காட்டினார், அதிலும் மேல்தளத்து இருக்கையே கொடுத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று எழுதியிருக்கிறாய். வாசித்தபோது சிரிப்பு வரவில்லை.

வெயில், படி என்று நான் எழுதியதெல்லாம் சாக்கு. உண்மையைச் சொல்கிறேன். இதையும் தபாலில் போடாமல் லீவில் போகும் ஒருவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் யாருக்கும் காட்டாமல் கிழித்துவிடு.

அந்தப் படகை இருபது வருஷமாக ஒரே ஆள்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் கம்பெனி அவரிடம், மேலே ஒரு தளம் கட்டு, இன்னும் இருபத்துநான்கு பேர் உட்காரலாம் என்று சொன்னது. அவர் மாட்டேன் என்றார். ஒப்பந்தம் வேறு ஒருவருக்குப் போனது. புது ஆள் தன் படகில் மேல்தளம் கட்டி, வெள்ளையடித்து, மெத்தை போட்டு, குடை விரித்துவிட்டார். பார்க்கக் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். மேலே உட்காரத் தனிக் கட்டணம்.

ஒவ்வொரு தடவையும் கப்பலிலிருந்து எங்களில் ஒருவர் குழுவின் எண் பலகையைப் பிடித்துக்கொண்டு துணைக்குப் போக வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் என் முறை வந்தது. போகும்போது ஒன்றுமில்லை. குகை வாசலில் வழிகாட்டி, வலது பக்கம் பாருங்கள், நீல வெளிச்சம் தெரியும் என்றார். மேலே இருந்த அத்தனை பேரும் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்து வலது பக்கம் வந்தார்கள். படகு சாய்ந்தது. நான் கீழே நின்றிருந்தேன். கடல் என் இடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு உள்ளே வந்தது. கணுக்கால்வரை தண்ணீர், யாருடைய செருப்போ மிதந்துபோனது. நான் பத்து எண்ணும்வரை படகு நிமிரவில்லை. நிமிர்ந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

லைஃப் ஜாக்கெட் எங்கே என்று தேடினேன். மேலே போகும் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெட்டியில் இருந்தது. பெட்டியின் மேல் குளிர்பானக் கூடைகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.

கரையில் அந்தப் பழைய படகுக்காரர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஈரக்காலோடு நான் இறங்கியதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இன்னைக்குக் காத்து இல்லம்மா. அதான் திரும்பி வந்தீங்க" என்றார்.

அன்றைக்கே அறிக்கை எழுதினேன். துணைக்குப் போகிறவர்கள் எழுத வேண்டும் என்பது விதி. நடந்ததை நடந்தபடி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். சிரிச்சமூஞ்சி முழுதும் வாசித்தார். எனக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, உங்க கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு என்றார். அப்புறம் புதுத்தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். விருந்தினர்கள் சற்றே நனைந்தார்கள், உற்சாகமாக இருந்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் அது. வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. முதலில் எழுதியதை அவர் குப்பைக்கூடையில் போட்டார். அவர் போனில் பேசத் திரும்பியபோது அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன். அந்த மட்டும் எனக்குப் புத்தி இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் படகுக்கு எத்தனை பேருக்கு டிக்கெட் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. தினமும் கொடுக்கிறேன். வந்து கேட்கிறார்கள், சிரித்துக்கொண்டே கொடுக்கிறேன். இப்போது அந்தப் பட்டியலில் நம் அம்மா பெயர் இருக்கிறது. மற்றவர்களுக்கும் பெயர் இருந்தது, அப்போதெல்லாம் எனக்குக் கண் தெரியவில்லை.

நீ அங்கிருந்தே ரத்து செய்ய முடியுமா பார். இலவசமாகக் கொடுத்ததைக் கப்பலில் ஏறிய பிறகு மேசையில்தான் மாற்ற முடியும் என்று சொல்வார்கள், இருந்தாலும் கேட்டுப் பார். முடியாவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவிடம் இப்போதே வாயைத் திறக்காதே. ஆர்ப்பாட்டம் பண்ணி ஊரைக் கூட்டிவிடுவார்.

அம்மாவை மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல். பெட்டியில் வைத்தால் அறைக்கு வர நேரமாகும்.

உன் அக்கா


கப்பலிலிருந்து,
செவ்வாய், மாலை நான்கு மணி

என் அருமைத் தம்பிக்கு,

அப்பாவும் அம்மாவும் ஏறி நான்கு நாளாகிவிட்டது. இருவரும் சௌக்கியம். பால்கனியை அம்மா விட்டு வரமாட்டேன் என்கிறாள். அறையைச் சுத்தம் பண்ண வரும் பெண்ணுக்கு முன்னால் தானே எழுந்து படுக்கையை விரித்து வைத்துவிடுகிறாள். அந்தப் பெண் என்னிடம் வந்து, உங்க அம்மா என் வேலையைக் கெடுக்கிறாங்க என்று முறையிட்டாள். அப்பா பஸ் கண்டக்டராக இருந்த ஞாபகத்தில், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று, உள்ளே இடம் இருக்கு, நகர்ந்து போங்க என்று எல்லாரையும் வரிசைப்படுத்துகிறார். பாதிப் பேர் அவரைக் கப்பல் அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படி.

படகு வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். கூட்டம் அதிகம், ஆட்டம் அதிகம் என்றேன். "எண்பது பேரை ஏத்தின பஸ்ஸுல முப்பது வருஷம் நின்னவன் நான். நீ எனக்குக் கூட்டத்தைக் காட்டுறியா?" என்றார். வேறு வழியில்லாமல் கப்பல் டாக்டரைப் பிடித்து, இருவருக்கும் ரத்தக் கொதிப்பு இருப்பதால் படகுப் பயணம் கூடாது என்று ஒரு தாள் வாங்கினேன். அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசி இன்றோடு இரண்டு நாள். பெண்ணே கப்பலில் இருந்தும் இலவசமாகக் கிடைத்ததைப் பிடுங்கிவிட்டாள் என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

தாள் மட்டும் போதவில்லை. எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இருக்கையை எங்களில் யார் ரத்து செய்கிறாரோ அவரே அதில் வேறு ஆளின் பெயரைப் போட வேண்டும். பெயர் போடாதவரை பழைய பெயர் போகாது. சீட்டு வீணாகக் கூடாது என்று சிரிச்சமூஞ்சி கொண்டுவந்த முறை. இத்தனை நாளும் அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. ஆறு வருஷமாக ஒரு சீட்டைக்கூடக் காலியாக விட்டதில்லை என்று பெருமை வேறு அடித்துக்கொண்டவள் நான்.

சாப்பாட்டில் அம்மா அப்பாவுக்குப் பக்கத்து மேசையில் ஒரு தம்பதி உட்காருகிறார்கள். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். வீட்டுக்காரர் அதே பள்ளியில் டிராயிங் மாஸ்டர். நம் அம்மாவும் டீச்சரம்மாவும் அதற்குள் ஒட்டிக்கொண்டார்கள், ஒருவர் சேலை ஊக்கை இன்னொருவர் வாங்கிக் குத்திக்கொள்கிற அளவுக்கு. அந்த டீச்சரம்மா நேற்று என் மேசைக்கு வந்தார். குகைப் படகு நிரம்பிவிட்டது என்றார்கள், யாராவது வராமல் போனால் சொல்வாயா என்று கேட்டார். வெயில், படி என்று அதே பாட்டைப் பாடினேன். "ரெண்டு வருஷம் படுக்கையில இருந்து இப்பதான் நடக்கிறேன். அவரு அதைப் பார்த்து ஒரு படம் வரையணும்னு ஆசைப்படுறாரு. காசைப் பத்தி இல்லம்மா, போலாமான்னு மட்டும் நீ சொல்லு" என்றார்.

சிரிச்சமூஞ்சி எனக்குப் பின்னால் நின்றிருந்தார். திரையில் நம் அம்மா பெயரும் அப்பா பெயரும் இருந்தன. நான், தாராளமாகப் போகலாம் என்று சொன்னேன். இரண்டு பெயரையும் அடித்துவிட்டு அவர்கள் பெயரைப் போட்டேன். டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

நம் அம்மாவை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொருத்தியை என் கையால் உட்கார வைத்திருக்கிறேன். நேற்றுவரை முகம் தெரியாதவர்கள் என்று ஒரு சமாதானம் இருந்தது. அதுவும் போய்விட்டது. இன்று காலை சாப்பாட்டில் டீச்சரம்மா தன் தட்டிலிருந்த பழத்தை அம்மாவுக்குக் கொடுத்து, உங்க பொண்ணாலதான் எங்களுக்கு இடம் கிடைச்சுது என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நேரே சிரிச்சமூஞ்சியின் அறைக்குப் போனேன். பழைய அறிக்கையைப் பற்றிப் பேசினேன். படகு போகும் வியாழக்கிழமை காற்று இருக்கும் என்று வானிலைத் தாளிலேயே போட்டிருக்கிறது, அதையும் காட்டினேன். அவர் கோபப்படவே இல்லை. ஃபைலை எடுத்து என் இரண்டாவது அறிக்கையைத் திருப்பி வைத்தார். "உற்சாகமா இருந்தாங்கன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. கையெழுத்து உங்களுதுதானே?" என்றார். கேப்டனிடம் போகிறேன் என்றேன். அது கரைக்காரர்களின் படகு, கேப்டன் பொறுப்பில் வராது, போனாலும் இந்தத் தாளைத்தானே அவரும் கேட்பார் என்றார். அப்பவும் சிரித்தார்.

மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிடலாமே என்று நீ கேட்பாய். சொல்லியிருப்பேன். சொன்ன மறு நிமிஷம் என்னைக் கீழ்த்தட்டில் ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டு, மேசைக்கு வேறு ஆளைப் போட்டு, பயந்தாங்கொள்ளிப் பெண் ஏதோ உளறிவிட்டாள் என்று மன்னிப்பும் கேட்டுவிட்டு, படகை அனுப்பிவிடுவார்கள். மேல்தளம் போகும் படிக்கட்டில் ஆட்களைத் தடுத்து நிற்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் வியாழக்கிழமை துணைக்குப் போகும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சிரிச்சமூஞ்சி ரொம்பச் சந்தோஷப்பட்டார். "நல்லதாப் போச்சு, கொஞ்ச நாளா அந்த டியூட்டிக்கு ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க" என்றார்.

படகுத்துறையில் வைத்தே ஒவ்வொருவரிடமும் சொல்லப் போகிறேன். கேட்கிறவர்கள் கரையிலேயே நிற்கட்டும். முதலில் டீச்சரம்மாவிடம் சொல்வேன், அவர் என்னைத் திட்டினாலும் சரி. கேட்காமல் ஏறுகிறவர்களோடு நானும் ஏறியாக வேண்டும். கூடைகளை இறக்கிப் பெட்டியைத் திறப்பேன். மேலே போகும் படிக்கட்டில் நான் உட்கார்ந்துகொண்டால் என்னை மிதித்துக்கொண்டுதானே போக வேண்டும். மேல்தளத்துக்குத் தனிப் பணம் கட்டியவர்கள் சண்டைக்கு வருவார்கள். இருபத்துநான்கு பேர். எத்தனை பேரை என்னால் தடுக்க முடியும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது தம்பி. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அம்மாவிடம் வியாழக்கிழமை எனக்கு மேசை வேலை, மதியம்வரை பார்க்க முடியாது என்று சொல்லியிருக்கிறேன். படகு பத்து மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குத் திரும்ப வேண்டும். லாண்டிரிப் பெண் லீவு முடிந்து திரும்பிவிட்டாள், இந்த முறை கப்பல் தச்சர் ஊருக்குப் போகிறார். நாளை இரண்டாவது துறைமுகத்தில் இறங்குவார். வியாழன் காலை ஊர் வந்து, பதினோரு மணிவாக்கில் உன் கடையிலேயே இதைக் கொடுப்பதாகச் சொன்னார். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ கத்துவாய், நான் அழுவேன், அப்புறம் நான் அந்தப் படகில் ஏறமாட்டேன்.

இதோடு என் முதல் அறிக்கையை வைத்திருக்கிறேன். கசங்கியிருக்கும், ஆனால் எழுத்து தெரிகிறது. கடைசியில் தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன. என் பேச்சைக் கேட்டுப் போன கடிதத்தைக் கிழித்திருப்பாய். இதைக் கிழிக்காதே. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கடை முதலாளியிடம் கொடுத்து வை. இரண்டாவது அறிக்கை எழுதியதும் நான்தான் என்று யாராவது சொன்னால் ஆமாம் என்று சொல். அதை மறைக்காதே.

அப்பா என்மேல் கோபமாக இருப்பதைப் பெரிதாக நினைக்காதே. நான் நினைக்கவில்லை. அவருக்குக் கோபம் தீரும்போது நீ பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் எடுத்துச் சொல். நீ கெட்டிக்காரன், பொறுமைசாலி. உன் வாழ்க்கை நன்றாக அமையும், எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடையில் ஆள் இருந்தால் நீ போனை எடுக்கமாட்டாய், தெரியும். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் அம்மா கூப்பிட்டால், எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, முதல் மணியிலேயே எடுத்துவிடப்பா.

உன் அக்கா